கல்யாண வீடியோவும் 30 நொடிப் பாட்டும்

கேள்வி: பாலக்கோட்டில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். சினிமாப் பாட்டு சேர்த்து யூடியூப்பில் போட்டதற்கு ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) வந்துவிட்டது. 30 நொடிக்குள் இருந்தால் ‘ஃபேர் யூஸ்’ (நியாயமான பயன்பாடு), தப்பில்லை என்கிறார்களே? 4,000 ரூபாய் கொடுத்தால் நீக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் செய்வது ஒன்றுதான். உங்கள் பெயர், முகவரி போட்டு, ‘புகார் தவறு’ என்று மறுப்பு மனு அனுப்புவார்கள். அது யூடியூப் வழியாகப் பாட்டுக் கம்பெனிக்குப் போகும். பொய் சொன்னதாக மாட்டுவது நீங்கள். அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

30 நொடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. ஃபேர் யூஸ் என்பது அமெரிக்கச் சொல். நம்மூரில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52. அனுமதி இல்லாமல் பயன்படுத்த, சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி என்று காரணம் இருக்க வேண்டும். காசு வாங்கி எடுக்கும் வீடியோவில் அழகுக்குச் சேர்த்த பாட்டு இதில் எதிலும் வராது.

ஆனால் அதே பிரிவில் கல்யாண வீட்டுக்கென்றே ஒரு விலக்கு உண்டு. கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போட லைசென்ஸ் வேண்டாம். மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு எல்லாம் சேர்த்திதான். மத்திய அரசும் 2023 ஜூலையில் இதையே அறிவித்தது. அப்படியும் தருமபுரி மண்டபம் ஒன்றில் மைக்செட்காரரை லைசென்ஸ் பணம் கேட்டு ஒருவர் மிரட்டிக்கொண்டிருந்தார். மிரட்டியவர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தேன். பாட்டுப் பட்டியல் இல்லை, பதிவு எண் இல்லை, ஒரு செல்போன் எண் மட்டும். சட்டத்தில் உள்ள இந்த இரண்டு வரியைத் தமிழில் எழுதி மண்டப வாசலில் மாட்டச் சொல்ல அதிகாரிகளுக்கு என்ன தடை? நான் போன மண்டபம் எதிலும் அப்படி ஒரு பலகை இல்லை.

இந்த விலக்கு விழாவோடு சரி. வீடியோவில் ஒட்டி யூடியூப்பில் ஏற்றினால் உதவாது.

ஒரு ஸ்ட்ரைக்தானே, பயப்பட வேண்டாம். யூடியூப் காட்டும் பதிப்புரிமைப் பாடத்தை முடியுங்கள். ஸ்ட்ரைக் 90 நாளில் காலாவதியாகும். அதற்குள் மூன்று சேர்ந்தால்தான் சேனல் போகும். அதனால் பழைய வீடியோக்களையும் இன்றே ஒருமுறை பாருங்கள்.

இனிமேல் யூடியூப்பே இலவசமாகத் தரும் ஆடியோ லைப்ரரி இசையைப் போடுங்கள். இல்லையென்றால் அன்று வாசித்த நாகஸ்வரக்காரரின் தியாகராஜர் கீர்த்தனை. கீர்த்தனைக்கு இன்று யாருக்கும் உரிமை இல்லை, வாசிப்பு அவருடையது. கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் ஏற்றுங்கள்.