தவறிப்போன இன்சுலின் ஊசிகளை எழுதி வைக்க வேண்டுமா?

தாயாருக்குப் போடும் இன்சுலின் சில நாள் தாமதமாகிறது, சில நாள் விட்டே போகிறது; அதையும் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் திட்டு வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். நான் மருத்துவன் அல்லன். சேலம் அம்மாபேட்டையில் அப்பாவுக்கு ஊசி போட்டுவரும் மகன், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கண்பார்வை குறைவு என்பதால், பேனா ஊசியின் யூனிட் எண்ணைத் திருப்பி வைக்க நான் இருந்தாக வேண்டும். இரவு 9 மணிக்குக் கிளார்ஜின் என்னும், நாள் முழுதும் மெல்ல வேலை செய்யும் இன்சுலின் 18 யூனிட். எனக்கோ ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு வேலை. பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் கூலிக் கணக்கை முடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி வீடு சேரும்போது அப்பா பல நாள் தூங்கியிருப்பார். முதலில் தினசரி நாள்காட்டித் தாளில்தான் குறித்தோம்; காலையில் தாளைக் கிழித்ததும் குறிப்பும் குப்பைக்குப் போனது. பிறகு ஒரு நோட்டுப் போட்டோம். அதில் ஒரு நாள்கூட விடாமல் டிக் இருந்ததையும், எல்லா டிக்கும் ஒரே நீல மையில் ஒரே சாய்வில் இருந்ததையும் நான் கவனிக்கவில்லை. மகனை மருத்துவர் கடிந்துகொள்ளக் கூடாதென்று, பரிசோதனைக்குப் போகும் நாள் காலையில் அப்பாவே குத்துமதிப்பாகப் போட்டுவைத்தவை அவை.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏறியிருந்தது. நோட்டில் ஊசியோ தவறவில்லை. மருத்துவர் என்ன செய்வார்? அளவை 24 யூனிட் ஆக்கினார். பொங்கல் விடுமுறையில் நான் வீட்டிலிருந்து நான்கு நாள் சரியாக 9 மணிக்குப் போட்டேன். நான்காம் நாள் விடியற்காலை 3 மணிக்கு அப்பாவின் பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது, கருவியில் சர்க்கரை 54-க்குத் தாழ்ந்திருந்தது. தண்ணீரில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

பெற்றவரைக் கவனிக்காத பிள்ளை என்று எழுத வருபவர்கள் எழுதட்டும். அந்த நேரத்துப் பேருந்தில் ஒரு மாதம் வந்துவிட்டு எழுதினால் நன்று.

இப்போது நோட்டில் டிக் கிடையாது. போட வேண்டிய நேரம், போட்ட நேரம், யூனிட், தாமதமானால் காரணம் ஆகியவற்றை ஊசி போட்ட கையோடும், மறுநாள் காலைச் சர்க்கரையைப் பார்த்த கையோடும் எழுதுகிறேன். விட்டுப்போனால் ‘போடவில்லை’ என்றே எழுதுகிறேன். விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்காகப் போடும் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். விட்ட ஊசிக்கு என்ன செய்வதென்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, நோட்டின் அட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை அந்த நோட்டைப் பார்த்த மருத்துவர் திட்டத்தான் செய்தார். ஆனால் காரணப் பத்தியில் ‘பேருந்து’, ‘பேருந்து’ என்றே வரிசையாக இருந்ததைக் கண்டு, அளவைப் பழையபடி 18 ஆக்கி, நேரத்தையும் நான் மலையேறுவதற்கு முன்பாகக் காலை 6 மணிக்கு மாற்றிக் கொடுத்தார்.