குயில் பாட்டின் கடைசி அடி

அன்புள்ள ஐயா,

பாரதியின் ‘குயில் பாட்டு’ கலிவெண்பா (வெண்பா ஓசையில் நீளமாகப் போகும் பாவகை) என்று படித்திருக்கிறேன். சீர், அசை என்று பிரித்து அலகிட்டுப் பார்த்தால் கடைசி அடியில் மூன்று சீருக்குப் பதில் நாலு சீர் இருக்கிறது. நடுவில் குயில் பாடும் ‘காதல், காதல், காதல்’ பகுதியில் தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை) தட்டுகிறது. பாரதி இலக்கணத்தைப் பொருட்படுத்தவில்லையா?

க.

அன்புள்ள க.,

அலகிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்களே, அதுவே பெரிய மகிழ்ச்சி. நீங்கள் பார்த்த இரண்டும் சரி. ஆனால் பாரதி கவனக்குறைவாக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

தொடக்கத்தைப் பாருங்கள்:

காலை யிளம்பரிதி வீசுங் கதிர்களிலே
நீலக் கடலோர் நெருப்பெதிரே சேர்மணிபோல்
மோகனமாஞ் சோதி பொருந்தி முறைதவறா
வேகத் திரைகளினால் வேதப் பொருள்பாடி

வெண்டளை, அதாவது வெண்பாவுக்கு உரிய தளை, எங்கும் பிசகவில்லை. காலை–நீல, மோகன–வேக என்று இரண்டிரண்டு அடியாக எதுகை. மோனை முதலடியில் நாலாம் சீரில் விழுகிறது (கா–க), அடுத்ததில் மூன்றாம் சீரிலேயே வந்துவிடுகிறது (நீ–நெ). மறுபடி நாலு, மறுபடி மூன்று. எதுகை இரண்டடிக்கு ஒருமுறை மாறினாலும் வாக்கியம் நிற்காமல் அடுத்த அடிக்குள் ஓடுகிறது. நீளமாகக் கதை சொல்ல இதைவிடத் தோதான யாப்பு ஏது?

அப்புறம் குயில் வாய் திறக்கிறது:

காதல், காதல், காதல்,
காதல் போயிற் காதல் போயிற்
சாதல், சாதல், சாதல்.

‘காதல்’ தேமா, அதாவது இரண்டு நேரசை கொண்ட மாச்சீர். மாச்சீருக்குப் பின் நிரை (இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்த அசை) வந்தால்தான் வெண்டளை. இங்கே நேர் (தனிக்குறிலோ தனிநெடிலோ உள்ள அசை) வருகிறது, திரும்பத் திரும்ப. இது கதைசொல்லியின் குரல் இல்லை, குயிலின் பாட்டு. அதனால் ஓசையே மாறுகிறது. வாய்விட்டுப் படித்தால், அதுவரை நடந்துகொண்டிருந்த கவிதை சட்டென்று நின்று பாடுவது காதில் விழும். எனக்கு இந்தக் காவியத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, கடைசி அடி.

வேதாந்த மாக விரித்துப் பொருளுரைக்க
யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ?

வெண்பா என்றால் ஈற்றடி மூன்று சீரோடு, நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். அந்த முடிவில் ஒரு தீர்ப்புச் சொன்ன அழுத்தம் இருக்கும். பாரதியோ தமிழ்ப்புலவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டு முடிக்கிறார். ‘கூறீரோ’ என்ற தேமாங்காய்ச் சீர் (மூன்று நேரசை) நீண்டு, இன்னோர் அடி வரும் என்று காதைக் காக்க வைக்கிறது. பதில் வராத கேள்விக்கு அந்த ஓசைதான் பொருத்தம். கலிவெண்பா என்பது வழக்கில் நிலைத்துவிட்ட பெயர். ஈற்றடியும் நாலு சீராக இருப்பதால், கறாராகச் சொன்னால், இது வெண்டளையால் வந்த கொச்சகக் கலிப்பா (கலிப்பாவில் ஒரு வகை).