மணலில் சிக்குகிறதா? பெரிய டயர் வாங்கும் முன் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வாலிநோக்கம் பக்கம். மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல் கியர் வண்டி வைத்திருக்கிறேன். கடற்கரை மீன்வாடிக்கு ஐஸ் பெட்டி, வலை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவேன். மணலில் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. டிராக்டர்காரரைக் கூப்பிட்டுத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. டயர் கடையில் 195/80 ஆர்15-ஐ எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போடச் சொல்கிறார்கள். இன்னும் கொஞ்சம் செலவழித்தால் 30 இஞ்ச் டயரே போடலாமாம். போட்டால் இன்ஜின் இழுவை குறையுமா, மைலேஜ் போகுமா, ஆர்டிஓ தொல்லை வருமா?

பதில்: இவ்வளவு எழுதிய நீங்கள், மணலில் இறங்கும்போது டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்று எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்கள் யாருமே சொல்வதில்லை. தார் ரோட்டில் ஓட்டிய அதே காற்றோடு இறங்கியிருப்பீர்கள். பிறகு சிக்காமல் என்ன செய்யும்?

டயர் தரையை அழுத்துகிற அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கிற காற்றின் அழுத்தம்தான். 30 பாயிண்ட் (பிஎஸ்ஐ) காற்று இருந்தால் டயர் கல்லு மாதிரி நின்று மணலை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அதையே 16, 17-க்கு இறக்கினால் தரையில் படுகிற இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அகலத்தில் பெரிதாக ஒன்றும் கூடாது, நீளத்தில்தான் கூடும். டயர் ஒட்டகத்தின் பாதம் மாதிரி பரந்து உட்காரும். டயர் அளவில் முதல் எண் அகலம். 195-லிருந்து 235-க்குப் போனால் கிடைப்பது 40 மில்லிமீட்டர் அகலம். அதையும் 30 காற்றோடு ஓட்டினால் அதுவும் மணலை வெட்டத்தான் செய்யும்.

2017-இல் அரிச்சல்முனைக்குத் தார் ரோடு வருவதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிப் போன வேன்கள் நினைவிருக்கிறதா? முழங்கால் வரை மணலும் தண்ணீரும் கிடந்த பாதை அது. அந்த வண்டிகளில் இறக்குமதி டயர் எதுவும் கிடையாது. காற்று இறங்கி வயிறு தள்ளிய சாதாரண டயர்தான். அந்த டிரைவர்கள் எந்தப் புத்தகத்தையும் படித்துவிட்டு அதைச் செய்யவில்லை.

நீங்கள் ஐஸ் பெட்டி ஏற்றுகிறவர் என்பதால் 15-க்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் கீழே இறக்கி, வேகமாக ஒடித்துத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணலில் கால் வைக்கும் முன்பே ஃபோர் வீலைப் போடுங்கள், சிக்கிய பிறகு போடுவதால் பயனில்லை. ஆழமான மணல் என்றால் லோவில், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடுகிற ஃபோர் வீல் நிலையில் போட்டு, இரண்டாவது கியரில் ஒரே சீராக ஏறுங்கள். சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். ஆமை முட்டையிடும் காலத்தில் அலைக்கோட்டுக்கு மேலே உள்ள மணல் மேட்டில் வண்டியை ஏற்ற வேண்டாம்.

தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடித்தாக வேண்டும். இறங்கின காற்றோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-இல் பறந்தால் டயர் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பங்க்கில் காற்று இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் ஒரு பங்க்கில் மெஷின் 'ரிப்பேர்', அடுத்ததில் ஆள் சாப்பிடப் போயிருக்கிறார், மூன்றாவதில் மீட்டர் காட்டுவது அதன் இஷ்டத்துக்கு. நானே ஒருமுறை மூன்று பங்க் அலைந்துவிட்டு, கடைசியில் பஞ்சர் கடையில் காசு கொடுத்து அடித்துக்கொண்டு வந்தேன். அதனால் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மெஷின் ஒன்றும், கையில் பிடிக்கிற அளவுமானி ஒன்றும் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்ன டயர் ஒன்றின் விலைகூட இது ஆகாது.

சரி, இப்போது இழுவைக்கு வருவோம். உங்கள் 195/80 டயரின் மொத்த உயரம் சுமார் 693 மில்லிமீட்டர். 235/75 என்றால் 733. 30 இஞ்ச் என்றால் 762. சைக்கிளில் பெரிய சக்கரம் மாட்டினால் மிதிப்பது கனக்கும் இல்லையா, அதே கதைதான். 235-இல் ஒவ்வொரு கியரிலும் சுமார் ஐந்தரை சதவீத இழுவை போகும். 30 இஞ்சில் ஒன்பது சதவீதம். போதாததற்கு, ஆஃப் ரோடு பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகள்) போட்ட டயர் என்றால் ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதலாகவும் இருக்கும். கூடுகிற எடை சுற்றுகிற இடத்தில் கூடுகிறது. கிளப்பவும் பாடு, நிறுத்தவும் பாடு. பிரேக் அதே பழைய பிரேக்தானே.

உங்கள் இன்ஜின் 1,462 சிசி. அதன் முழு இழுவிசை 134 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றில்தான் வரும். கீழ்ச் சுற்றில் இழுக்கிற டீசல் ஜீப் இல்லை இது. லோ கியரில் இந்தக் குறை தெரியாது, அங்கே இழுவை இரண்டு மடங்காகிவிடுவதால் ஐந்து சதவீதம் எங்கே போனதென்றே தெரியாது. தெரிவது ரோட்டில். பாம்பன் பாலத்து ஏற்றத்தில் எதிர்க்காற்று அடிக்கும்போது ஐந்தாவது கியர் நிற்காது, நாலுக்கு வருவீர்கள். வாடியிலிருந்து லோடோடு கிளம்பும்போது கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடுவீர்கள். ஆறு மாதத்தில் கிளட்ச் பிளேட் கருகின வாடையோடு என்னிடம் வருவீர்கள்.

மைலேஜ் குறையும். ஆனால் நீங்கள் கணக்குப் போட்டுப் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பெரிய டயர் போட்டால் மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 105-க்கு மேல் ஓடியிருக்கும். அதைச் சேர்க்காமல் 'மைலேஜ் விழுந்துவிட்டது' என்று புலம்புவார்கள். வேகமும் அப்படியே, முள் 80 காட்டினால் வண்டி அதைவிட நாலைந்து கூடப் போகலாம்.

இன்னொன்று, நம்ம ஊர்க் கரை எல்லாம் ஒன்றல்ல. வாலிநோக்கம் பக்கம் 'ஆண் கடல்', அலையும் மணலும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் 'பெண் கடல்', அங்கே பல இடங்களில் சேறு. அகல டயர் மணலில் மிதக்கும் என்பது உண்மை. சேற்றில் அதே அகலம் வழுக்கிக்கொண்டு போகும், குறுகின டயர் சேற்றை வெட்டிக் கீழே கெட்டித் தரையைப் பிடிக்கும். 'அகலம்னா எல்லா இடத்துக்கும் நல்லது சார்' என்று சொல்கிற ஆள் தொண்டிக் கரையில் இறங்கிப் பார்த்தவராக இருக்க மாட்டார்.

அப்புறம் இந்தக் கடைக்காரர்கள். எல்லோரையும் சொல்லவில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வரையில் பெரிய டயர் தேடி வருகிறவருக்கு அதோடு நாலு சாமானைச் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். முதலாவது ஸ்பேசர். டயர் உள்ளே உரசுகிறது என்பதற்காக ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கிற வட்டத் தகடு. சக்கரத்தை வெளியே தள்ளும், பேரிங்கைத் தின்னும், உப்புக் காற்றில் போல்ட்டோடு சேர்ந்து துருப்பிடித்து உட்கார்ந்துகொள்ளும். வேண்டவே வேண்டாம். இரண்டாவது, பளபளவென்று கறுப்பு மை பூசின பழைய ஸ்டாக். டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். அதைப் படிக்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். மூன்றாவது ஆள், 'ஆர்சியில் ஏற்றிக் கொடுத்துடறேன்' என்று கூடவே உட்கார்ந்திருக்கிற புரோக்கர். கம்பெனி அந்த வண்டிக்கு அங்கீகரிக்காத டயர் அளவை இவர் எங்கே ஏற்றுவார்? பணத்தைத்தான் தன் பையில் ஏற்றிக்கொள்வார்.

சட்டம் இதுதான்: கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மீறினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விற்கிறவர் மெயின் ரோட்டிலேயே போர்டு மாட்டி விற்கலாம், பூட்டிக்கொடுத்து ஜிஎஸ்டி பில்லும் போடலாம். செக்போஸ்ட்டில் நின்று பதில் சொல்கிறவர் நீங்கள். இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் டயரைத்தான் பார்ப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதத்தில் பெரிய டயர்க்காரர் சொல்வது நியாயம். அதை மறைக்க மாட்டேன். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் அச்சு ஒரே உருளை. அதன் நடுவில் உருண்டையாக ஒரு கூடு தொங்குகிறதே, டிஃபரன்ஷியல், வண்டியிலேயே தாழ்வான இடம் அதுதான். ஸ்பிரிங்கை உயர்த்தி 'லிஃப்ட் கிட்' போட்டால் பாடி மேலே போகும், இந்தக் கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும்தான். அதுவும் டயர் கூடின உயரத்தில் பாதி. 235-இல் 20 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம். உங்கள் பக்கத்து உப்பளப் பாதைகளில் மழைக்குப் பிறகு லாரித் தடம் ஆழமாக விழுந்து காய்ந்துவிடும். இரண்டு தடத்துக்கும் நடுவில் மேடு நிற்கும். தினமும் அந்தப் பாதைதான், வேறு வழியே இல்லை, கூடு அந்த மேட்டில் இடித்து நாலு சக்கரமும் அந்தரத்தில் நிற்கிறது என்றால், அப்போது காற்றை இறக்குவது உதவாது. இறக்கினால் கூடு இன்னும் தாழும். அங்கே அந்த 20 மில்லிமீட்டருக்கு விலை உண்டு. ஆனால் நீங்கள் எழுதியது மணலைப் பற்றி. ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கூட்டைப் பாருங்கள். அடியில் பெயிண்ட் வழித்து இரும்பு பளபளக்கிறதா? இல்லையென்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

இப்போதுள்ள டயர் தேயும் வரை ஓட்டுங்கள். மாற்றும்போது அதே 195/80 அளவில் ஆல் டெரெய்ன் பட்டன் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் 215/75 ஆர்15. உயரம் ஒன்றரை சதவீதம்தான் கூடும், மீட்டரும் கியரும் அதைக் கண்டுகொள்ளாது. கறாராகப் பார்த்தால் அதுவும் கம்பெனி அளவு இல்லைதான். பக்கச்சுவர் கெட்டியானதாகப் பாருங்கள், நம்ம ஊர்க் கருவை முள் அங்கே குத்தினால் ஒட்டுப் போட முடியாது. காற்று இறங்கி வயிறு தள்ளிய டயரில் அது இன்னும் சுலபமாகக் குத்தும், அதனால் கருவைக்குள் போகும்போது காற்றை இறக்காதீர்கள்.

எந்த அளவு வாங்கினாலும் நாலு வாங்காதீர்கள், ஐந்து வாங்குங்கள். கடைக்காரர் நாலுக்குத்தான் விலை சொல்வார். பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னி பழைய அளவில் இருந்து, பஞ்சரான அன்றைக்கு அதை மாட்டி ஃபோர் வீலில் ஓட்டினால், உயரம் வேறான சக்கரங்கள் கியர்பெட்டியை முறுக்கும். அந்த ரிப்பேருக்கு என்னிடம் வராதீர்கள், ஐந்தாவது டயரின் விலையைப் போல் பல மடங்கு கேட்பேன்.