காஜாங்கிலிருந்து கே.எல்.சி.சி.க்கு: காரா, ரயிலா?

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு அருகே உள்ள காஜாங்கில் குடியேறியிருக்கிறோம், வேலை நகர மையமான கே.எல்.சி.சி.யில், எப்படிப் போவது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், ரயில்தான்.

காஜாங், எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயில் பாதையின் முனை நிலையம். வண்டி அங்கிருந்தே புறப்படுவதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். பசார் செனி நிலையத்தில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. என்ற இலகு ரயிலுக்கு மாறுங்கள். அங்கிருந்து நான்காவது நிலையம் கே.எல்.சி.சி.

மலேசியக் குடியுரிமை இருந்தால் முதல் நாளே மை50 பாஸ் எடுத்துவிடுங்கள். 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) 30 நாள், எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பேருந்து எதிலும் எத்தனை முறையும் போகலாம். ஆனால் கே.டி.எம். கொமுட்டர் என்ற புறநகர் ரயிலுக்குச் செல்லாது. காஜாங்கில் எம்.ஆர்.டி., கே.டி.எம். நிலையங்கள் இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் புதியவர்கள் இதில் குழம்புகிறார்கள்.

காரில் போனால் காலையைவிட மாலை மழைதான் பாடாய்ப் படுத்தும். போன வாரம்கூட, நனைந்த குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ரயில் சன்னலில் பார்த்தேன்: கீழே செராஸ் சாலையில் சிவப்பு விளக்குகள் அசையவே இல்லை. அந்த நேரத்தில் கிராப் வாடகைக் கார் கட்டணமும் ஏறிவிடும்.

அப்புறம், நிலையம்வரை காரில் போகாமல் இணைப்புப் பேருந்தைப் பழகிக்கொள்ளுங்கள். அதுவும் அதே பாஸில் அடக்கம்.