கேபிள்காரரிடம் கேளுங்கள்: டிவி, டிஆர்பி, தெரு

கோவில்பட்டிப் பக்கம் கேபிள் லைன் நடத்தியவன் நான். வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு விட்ட காலத்தில் தொழிலுக்கு வந்து, ஃபைபர் வரைக்கும் பார்த்தாச்சு. டிவி வீட்டுக்குள் எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மாதக் கட்டணப் பஞ்சாயத்து வேண்டாம். அப்புறம், இடி வரும் போலிருந்தால் டிவியை அணைத்தால் மட்டும் போதாது. இடி தொடங்கும் முன்னாலேயே கரண்ட் பிளக்கையும் கேபிள் பின்னையும் கழற்றி வைக்க வேண்டும்.

கே: அண்ணாச்சி, செட்டாப் பாக்ஸைப் போட்டதும் நான் பார்க்கவே பார்க்காத ஒரு சேனல் வந்து நிற்கிறதே, ஏன்?

தானாக வந்து நிற்கவில்லை, நிறுத்தியிருக்கிறார்கள். லேண்டிங் பேஜ் என்பார்கள். பெட்டிக்கு உயிர் வந்ததும் எந்தச் சேனல் தெரிய வேண்டும் என்று கன்ட்ரோல் ரூமில் அமைத்துவிடலாம். அந்த இடத்துக்குச் சேனல்காரர்கள் காசு கொடுக்கிறார்கள். நீங்கள் தலையணைக்கு அடியில் ரிமோட்டைத் தேடி எடுத்து மாற்றுகிற வரைக்கும் அந்தச் சேனல்தானே ஓடும்? அந்த நேரம் பார்வையாளர் கணக்கில் ஏறட்டும் என்பது அவர்கள் ஆசை. டிவி, ஃபோன் தொழிலை ஒழுங்குபடுத்துகிற டிராய் அமைப்பு 2018 இல் இதைத் தடுக்கப் பார்த்தது. தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தில் அந்த உத்தரவு நிற்கவில்லை.

புதுப் பழக்கமும் இல்லை இது. தொண்ணூறுகளில் பல வீடுகளில் இருந்த டிவியில் 8 அல்லது 12 பட்டன்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் திருகு, அதைத் திருகித் திருகிச் சேனலைப் பிடித்து வைக்க வேண்டும். லைனில் முப்பது சேனல் போனாலும் வீட்டுக்காரருக்கு 12தான் உலகம். அந்த 12 எவை என்பதில் பாதி முடிவு கேபிள்காரன் கையில் இருந்தது. கீழ் அலைவரிசையில் வைத்த சேனல் தெருக்கோடி வீடு வரைக்கும் பளிச்சென்று போகும். மேலே வைத்தது கம்பியில் போகப் போகத் தேயும். கடைசி வீட்டில் புள்ளி புள்ளியாகத்தான் விழும். ஒரு சேனலை ஊரை விட்டு விரட்ட அதை நிறுத்த வேண்டியதே இல்லை, இடத்தை மாற்றினால் போதும். பார்க்கிறவர், ‘இந்தச் சேனல் தெளிவாவே வராது’ என்று தானாகவே விட்டுவிடுவார். யாரும் தடை செய்ததாகப் பெயரும் இருக்காது.

2007 இல் நம் மாநில அரசு கேபிள் தொழிலுக்கென்றே நிறுவனம் தொடங்கியதும், 2011 இல் அதையே தூசி தட்டி எடுத்து மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்ததும் மக்கள் படம் பார்க்கட்டும் என்று மட்டுமா? கம்பி யார் கையிலோ, செய்தி அவர் தயவில். இது எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

இன்றைக்கு யூடியூபைத் திறந்தால் முதலில் வருவதும் இதே சங்கதிதான். ஒரு வித்தியாசம். அன்றைக்குத் தெரு முழுக்க ஒரே வரிசை. பிடிக்கவில்லை என்றால் என் கடைக்கு வந்து சத்தம் போடலாம், போட்டார்கள். இன்றைக்கு ஆளுக்கொரு வரிசை. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன காட்டுகிறார்கள் என்றே உங்களுக்குத் தெரியாது.

கே: 130 ரூபாய் என்று அரசு சொன்னதே, எங்கள் ஊரில் 250 வாங்குகிறார்கள். நியாயமா?

2019 இல் வந்த அந்த 130, சேனல்களைக் கொண்டு வந்து சேர்க்கிற கூலிக்கு வைத்த உச்சவரம்பு, அதுவும் வரி தனி. 2024 இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். கட்டணச் சேனல்களுக்கு மேலே காசு. மற்றதை உங்கள் ஆபரேட்டரிடம் ரசீதோடு போய்க் கேளுங்கள்.

கே: சார், டிஆர்பி என்கிறார்களே, எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அந்த மீட்டர் இல்லை. பின்னே எப்படிக் கணக்கு?

டிஆர்பி என்றால் எந்தச் சேனலை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்கிற கணக்கு. அந்த மீட்டர் உங்கள் தெருவில் இருந்தால்தான் ஆச்சரியம். 2025 கணக்கில் நாட்டில் டிவி உள்ள வீடு சுமார் 23 கோடி. மீட்டர் வைத்த வீடு சுமார் 58,000 என்ற அளவில்தான். சேனலின் ஒலிக்குள்ளேயே காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைச் சேர்த்து அனுப்புவார்கள். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு பட்டன். பேரன் பார்க்கும்போது தாத்தா பட்டன் அமுங்கியிருந்தால் தாத்தா கார்ட்டூன் பார்த்ததாகக் கணக்கு.

மாதிரி எடுத்துக் கணக்குப் போடுவதில் தப்பில்லை. ஆனால் மீட்டர் இருக்கிற வீடு எதுவென்று தெரிந்துவிட்டால் அந்த ஒரு வீட்டைக் கவனித்தால் போதும் என்கிற ஆசை வரும். 2020 அக்டோபரில் மும்பைப் போலீஸ் வழக்குப் போட்டதே, அந்தப் புகார் இதைப் பற்றித்தான். அதன் பிறகு செய்திச் சேனல்களுக்கான தனித்தனிப் புள்ளிவிவரத்தை நிறுத்தி வைத்தார்கள், 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. அந்த இடைவெளியில் எந்த விவாத நிகழ்ச்சியாவது சத்தத்தைக் குறைத்ததா? எனக்குத் தெரிந்து இல்லை. ‘மக்கள் இதைத்தான் கேட்கிறார்கள்’ என்று யாராவது சொன்னால், எந்த மக்கள், எத்தனை வீடு என்று திருப்பிக் கேளுங்கள்.

கே: ஓடிடி வந்துவிட்டது. கேபிள் செத்துவிடுமா?

ஓடிடி பார்க்கிற இன்டர்நெட்டை உங்கள் தெருவுக்குள் பல இடங்களில் இழுத்து வந்தவனும் பழைய கேபிள்காரன்தான். தொழில் மாறும், ஆள் அதே ஆள்.

கே: அண்ணே, சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க ஊரே ஒரு வீட்டில் கூடுவோம். இலவச டிவி வந்து அந்த ஒற்றுமையைக் கெடுத்துவிட்டது. நீங்கள் நேரில் பார்த்தவர், சொல்லுங்கள்.

கூடியதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. நன்றாகத்தான் இருந்தது.

(நடுவில் இன்னொருவர்): எந்த ‘ஊரே’? எங்கள் தெருப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் படம் பார்த்தோம். முக்கியமான இடத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

(முதலில் கேட்டவர்): எங்கள் ஊரில் அப்படி இல்லை. பஞ்சாயத்து டிவி எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

(இன்னொருவர்): அந்தப் பஞ்சாயத்து டிவி எந்தத் தெருவில் இருந்தது? சாவி யார் வீட்டில்?

இருங்கப்பா, நானும் சொல்லிவிடுகிறேன். முதலில் கேட்டவர் ‘அப்படி இல்லை’ என்று சொல்லிவிட முடியாது, எனக்கு லைன் போன வழி தெரியும். எங்கள் பக்கத்தில் மெயின் லைன் பஜாரில் கிளம்பி, பெரிய தெருக்களைச் சுற்றி, காலனிக்கு முன்னால் உள்ள வேப்பமரத்தோடு நின்றுவிடும். கேட்டால் கணக்குச் சொல்வார்கள்: அங்கே மூன்று வீட்டில்தான் டிவி, மூன்று இணைப்புக்காகக் கம்பியும் ஆம்ப்ளிஃபயரும் போட்டால் கட்டாது. கணக்கு சரிதான். ஆனால் ‘அங்கேயெல்லாம் எதுக்குய்யா லைன்?’ என்று டீக்கடையில் என்னிடம் சொன்னவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை.

2006 தேர்தலுக்குப் பிறகு 14 அங்குலக் கலர் டிவி வர ஆரம்பித்தது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் காலனியில் வீட்டுக்கு வீடு பெட்டி. பிறகென்ன, கணக்கு மாறிப்போச்சு, வேப்பமரத்தைத் தாண்டி லைன் போனது. முதல் நாள் இணைப்புக் கொடுக்கும்போது ஒரு அம்மா ரிமோட்டை என் கையில் இருந்து வாங்கி, சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். எந்தச் சேனல் என்றெல்லாம் பார்க்கவில்லை.

(முதலில் கேட்டவர்): ஓட்டுக்காகக் கொடுத்தது அண்ணே. பாதிப் பேர் அதை விற்றுவிட்டார்கள்.

ஓட்டுக்குத்தான். விற்றவர்களும் உண்டு, பாதி என்பதெல்லாம் உங்கள் கற்பனை. கொடுத்தவர் நோக்கம் என்னவாக இருந்தாலும், ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளை உட்கார்ந்து பார்த்தது. ஊர் கூடிப் பார்த்தது சந்தோஷம்தான், உள்ளே இடம் கிடைத்தவர்களுக்கு. உங்களுடைய ஞாபகம் பொய் என்று சொல்லவில்லை தம்பி. நீங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

இதை இத்தோடு விடுங்கள், அடுத்த கேள்வி நிற்கிறது.

கே: வதந்தி என்றாலே வாட்ஸ்அப் என்கிறோம். அதற்கு முன்னால் வதந்தியே இல்லையா?

ஏன் இல்லாமல்? 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார். டெல்லியில் காலையில் கிளம்பிய பேச்சு ஒரே நாளில் நாடு முழுக்கப் போய், கடல் கடந்தும் போனது. அன்றைக்கு இருந்தது எஸ்டிடி பூத்தும் டிவியும்தான். வீணானது கொஞ்சம் பால்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது அப்படி இல்லை. பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன ஒரு வயதான அம்மா, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அந்த ஆண்டு இப்படி நாட்டின் பல இடங்களில் கொலைகள் நடந்த பிறகுதான், ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. மனிதர்களைத் திருத்திய பிறகா ஃபார்வர்டு குறைந்தது? பட்டன் வேலை செய்கிற விதத்தை மாற்றினார்கள். லேண்டிங் பேஜ் பற்றி மேலே சொன்னேனே, அதே பாடம்: கருவி எதைச் சுலபமாக்குகிறதோ, கூட்டம் அதைத்தான் செய்யும்.

கே: இடி இடித்து செட்டாப் பாக்ஸ் போய்விட்டது. புதுசு யார் தருவார்கள்?

முதல் பத்தியைப் படியுங்கள்.

கே: சார், ஓடிடி வந்த பிறகு கேபிளுக்கு எதிர்காலம் உண்டா?

மேலே பாருங்கள். இதே கேள்வியை இன்னும் நாலு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். நாலு பேருக்கும் அதே பதில்.

கே: சீரியல்கள்தான் குடும்பங்களைக் கெடுக்கின்றன என்பது உண்மையா?

குடும்பத்தைப் பற்றி நான் சொல்லக் கூடாது. லைனைப் பற்றிச் சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு லைன் போனால் அடுத்த நிமிஷம் ஃபோன் அடிக்கும், பேசுவது பெண்கள். செய்தி நேரத்தில் போனால் மறுநாள் காலையில் ஆண்கள் யாராவது வழியில் பார்த்துச் சொல்வார்கள். நாள் முழுக்க வேலை செய்தவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்தது அந்த அரை மணி நேரம். அதைக் கெடுதல் என்று சொன்ன ஆண்கள் கிரிக்கெட் நாளில் கடைக்கே வந்து சண்டை போட்டார்கள்.

கே: உள்ளூர்ச் சேனல் நடத்தினீர்களா? அதில் என்ன போடுவீர்கள்?

நடத்தினோம். மத்தியானம் படம், ராத்திரி படம், திருவிழா நேரத்தில் தேரோட்டம் நேரலை. ஆனால் ஊர் பார்த்தது அடியில் ஓடுகிற எழுத்தைத்தான். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, பிறந்தநாள் வாழ்த்து, மாடு காணவில்லை, குடிதண்ணீர் நாளைக்கு வராது. சாவுச் செய்திக்குக் காசு வாங்குவதில்லை. பிறந்தநாளுக்கு போட்டோவோடு போட்டால் தனிக் கட்டணம், அதிலும் அடியில் ‘வாழ்த்துவோர்’ பட்டியல் நீளமாக இருந்தால் கூடுதல். ஒருவரின் பெயர் விட்டுப்போனால் ராத்திரியே கடைக்கு ஆள் வந்துவிடும்.

இப்போது அதெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போய்விட்டது. மாடு காணவில்லை மட்டும் இன்னும் சிலர் எங்களிடம்தான் கொடுக்கிறார்கள்.