வீட்டு ஏசிக்கு வருடா வருடம் காஸ் அடிக்க வேண்டுமா?

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு கோடையிலும் ஏசிக்குக் காஸ் அடிக்கச் சொல்கிறார்கள், காஸ் அப்படித் தீர்ந்து போகுமா, லீக் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீராது. ஏசிக்குள் இருக்கும் காஸ் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் மாதிரி எரிந்து முடிகிற சாமான் இல்லை. செம்புக் குழாய்க்குள் அடைபட்டு, உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒழுக்கு இல்லாத மெஷினில் முதல் நாள் இருந்த காஸே அது பழசாகிக் கழற்றும் வரைக்கும் நிற்கும். குறைந்திருக்கிறது என்றால் ஒன்றில் எங்கோ ஒழுகியிருக்கிறது, இல்லாவிட்டால் பூட்டிய அன்றே அளவாகப் போடவில்லை. மூன்றாவது காரணம் கிடையாது.

நான் இங்கே ஏசி, ஃபிரிட்ஜ் வேலை செய்கிறவன். இந்தக் கேள்வியை ஆக்கள் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பருத்தித்துறைப் பக்கம் ஒரு அன்ரி கேட்டதுதான் எனக்குப் பிடித்தது: "தம்பி, போன வருசமும் அடிச்சவங்கள், முந்தின வருசமும் அடிச்சவங்கள். இது என்ன, காஸ் குடிக்குதோ?" குடிக்கேல்லை அன்ரி, ஒழுகுது. அடித்துவிட்டுப் போனவர்கள் ஓட்டையைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

மெஷின் வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரிந்தால் மிச்சம் எல்லாம் விளங்கும். உள்பெட்டிக் கொயிலுக்குள், அதாவது வளைத்து வளைத்து வைத்த குழாய்க்குள், காஸ் பெரும்பாலும் திரவமாக வந்து, அங்கே கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் கொம்பிரசர் அதை அழுத்த, இழுத்த வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரும்பவும் திரவமாகிறது. இப்போது வருகிற மெஷின்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர் 32 காஸ், திறந்த வெளியில் மைனஸ் 52 பாகையில் கொதிக்கும். மெஷினுக்குள் அழுத்தத்தில் இருப்பதால் உள்பெட்டியில் 5, 10 பாகை அளவில்தான் கொதிக்கிறது. காஸ் குறைந்தால் அந்த அழுத்தம் விழுகிறது, கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே போகிறது, கொயிலின் தொடக்கத்தில் காற்றின் ஈரம் பனியாக உறைகிறது. "ஐஸே கட்டுது, ஆனா அறை குளிரேல்லை" என்று ஆக்கள் போனில் சொல்வது இதைத்தான். ஐஸைப் பார்த்துவிட்டு மெஷின் நன்றாகக் குளிர்கிறது என்று சந்தோசப்படுபவர்களும் உண்டு.

ஆனால் ஐஸ் என்றால் காஸ் லீக் என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று ஓடாவிட்டாலும் ஐஸ் பிடிக்கும். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போடுங்கள். பிறகு வெப்பநிலையை ஆகக் குறைவாக வைத்து, ஒரு கால் மணித்தியாலம் ஓடவிட்டு, வெளிப்பெட்டிக்குப் போங்கள். பக்கவாட்டில் இரண்டு குழாய் பூட்டியிருக்கும், ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. சாதாரண வீட்டு மெஷினில் இரண்டுமே குளிர்ந்து, தடித்த குழாய் வியர்த்துத் தண்ணீர் சொட்ட வேண்டும். மெல்லிய குழாயின் வால்வில் வெள்ளையாகப் பனி பூத்து, தடித்தது காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் காஸ் குறைவு என்று நம்பலாம். தடித்த குழாயும் சேர்ந்து ஐஸ் பிடித்திருந்தால் பெரும்பாலும் காற்றோட்டப் பிரச்சினை: ஃபில்டர், அழுக்கான கொயில், உள்பெட்டி ஃபேன். அதற்குக் காஸ் அடித்தால் நட்டம்தான் மிச்சம். வெளிப்பெட்டி போர்டில் பல்லி மாட்டி நின்ற மெஷினுக்கும் காஸ் அடித்த கதை இங்கே உண்டு.

காஸ் குறைவாக ஓடுவதை "குளிர் கொஞ்சம் குறைவு, சமாளிக்கலாம்" என்று விடக்கூடாது. கொம்பிரசரின் மோட்டாரைக் குளிர்விப்பது திரும்பி வருகிற குளிர்ந்த காஸ்தான். அது குறைய மோட்டார் சூடேறும். அறை குளிராததால் மெஷின் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் கொம்பிரசர் போகும். கொம்பிரசர் விலை கேட்ட பிறகு காஸ் விலை ஒரு விசயமாகவே தெரியாது.

அப்புறம் இந்தக் கேஜ், அதாவது அழுத்தம் பார்க்கிற மானி விசயம். ஒருவர் வந்து, நிறுத்தி வைத்திருக்கிற மெஷினில் கேஜைப் பூட்டி, முள்ளைக் காட்டி "காஸ் சரியாய் இருக்கு" என்றோ "குறைஞ்சிட்டுது" என்றோ சொன்னால் நம்பாதீர்கள். மெஷின் நிற்கும்போது உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருந்தாலும், முழுக்க இருந்தாலும், முள் ஒரே இடத்தைத்தான் காட்டும். அது அன்றைய வெக்கையைப் பொறுத்தது. ஆர் 32 என்றால் 30 பாகையில் 260 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் நிற்கும். ஓடும்போது பார்த்தால் ஓரளவு தெரியும், ஆனால் இன்வேர்ட்டர் மெஷினில் கொம்பிரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அதுவும் ஏமாற்றும். சரியான அளவு நிறைதான். வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் காஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் எழுதியிருக்கும். மிச்சத்தைச் சிலிண்டரில் மீட்டெடுத்து, வெற்றிடமாக்கி, தராசில் வைத்து நிறுத்துப் போடுவதுதான் முறை. தராசு இல்லாமல் வருகிறவர் கை மதிப்பில் போடுகிறார் என்று அர்த்தம்.

இங்கே நான் அடிக்கடி ஒழுக்குக் காண்பது ஃப்ளேர் இணைப்பில். செம்புக் குழாயின் நுனியைப் புனல் வடிவாக விரித்து, பித்தளை நட்டால் இறுக்கிய இடம் அது. விரிக்கும்போது நுனியில் பிசிர் இருந்தாலோ, நட்டைக் கண் மதிப்பில் இறுக்கினாலோ அன்றே தெரியாது. கூட இறுக்கினால் விரித்த ஓரம் வெடிக்கும், குறைய இறுக்கினால் மெஷினின் அதிர்வில் மெல்ல இளகும். குருநகரில் ஒரு வீட்டில் உள்பெட்டிக்குப் பின்னால் சுற்றியிருந்த கறுப்பு நுரையை வெட்டிப் பார்த்தேன். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி ஒட்டிக் கறுத்த வளையம். கொம்பிரசர் எண்ணெய் காஸோடு சேர்ந்து ஓடுவதால், காஸ் வெளியேறுகிற இடத்தில் இப்படிக் கறை விழும். சவர்க்காரத் தண்ணியைத் தூரிகையால் பூசிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நட்டின் கீழ்ப்பக்கம் மிளகு அளவில் ஒரு குமிழ் எழும்பி, மெல்லப் பெருத்து, உடையாமல் நின்றது. வருடா வருடம் காசு போன வழி அதுதான். நுனியை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டியதோடு அந்த வீட்டுப் பிரச்சினை முடிந்தது.

அடுத்தது சேர்விஸ் வால்வு, வெளிப்பெட்டியில் கேஜ் பூட்டிக் காஸ் அடிக்கிற வாய். காஸ் அடிக்க அடிக்க அதற்குள் இருக்கும் ஊசி தேய்ந்து தானாகவே ஒழுகும். அதன் பித்தளை மூடியைப் போடாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்த மூடி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கரையோர வீடுகளுக்குக் கதை வேறு. குருநகர், நாவாந்துறை, பருத்தித்துறை, தீவுப்பகுதி எல்லாம் உப்புக் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் கடலைப் பார்த்தபடி வைத்த வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் வெள்ளை மாவாகக் கொட்டும், அப்புறம் குழாயும் அரிக்கும். காற்று நேரே அடிக்காத பக்கம் வைப்பதும், அடிக்கடி நல்ல தண்ணியால் கழுவுவதும்தான் வழி. நல்ல தண்ணி என்று சொன்னதைக் கவனியுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணியால் கழுவினால் உப்பின் மேல் உப்பு.

உள்பெட்டிக் கொயிலில் இன்னொரு வகை அரிப்பு வரும். புதுப் பெயின்ட், பிளைவூட் அலுமாரி, சில துப்புரவு மருந்துகள் ஆகியவற்றிலிருந்து வருகிற அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து செம்பைக் கண்ணுக்குத் தெரியாத பொந்துகளாகத் துளைக்கும். எறும்புப் புற்று அரிப்பு என்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டி வைத்துவிட்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திறக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். "பாவிக்கவே இல்லை, காஸ் எப்படிப் போச்சு?" என்று அவர்கள் கேட்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஓடும்போது உள்பெட்டிக் கொயிலில் 120, 130 பிஎஸ்ஐ அளவுதான் அழுத்தம். நிறுத்தினால் குழாய் முழுக்க ஒரே அழுத்தமாகி, அங்கேயும் இரண்டு மடங்காக ஏறிவிடும். அதனால் அந்தப் பக்கத்து ஓட்டை மெஷின் நிற்கும்போதுதான் கூடுதலாக ஒழுகும்.

சவர்க்காரத் தண்ணியில் அகப்படாத சிறு ஓட்டைக்கு, காஸை எடுத்துவிட்டு நைதரசன் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆர் 32 மெஷினுக்கு 400 பிஎஸ்ஐ அளவில் ஏற்றி, முடிந்தால் ஒரு இரவு விட்டு, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. நைதரசன் சிலிண்டர் இல்லை என்று வெல்டிங் கடை ஒட்சிசனைக் கொண்டுவந்தால் அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். அழுத்தத்தில் ஒட்சிசனும் கொம்பிரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும், ஆள் சாகும். ஓட்டை அடைத்த பிறகு வக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். காஸையே கொஞ்சம் ஊதவிட்டுக் காற்றைத் தள்ளுவது இங்கே சாதாரணமாக நடக்கிற குறுக்கு வழி. அதில் ஈரம் தங்கும், ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கிற திரவங்களும் வேண்டாம், மெஷினுக்குள் காஸ் போகிற மெல்லிய நுண்குழாயையும் சேர்த்து அடைத்துவிடும்.

அப்படியென்றால் சும்மா காஸ் மட்டும் அடிப்பது எப்போதுமே ஏமாற்றா? இல்லை. பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய, ஆர் 22 என்ற பழைய காஸ் போட்ட மெஷின், கொயிலில் மிக மெல்லிய ஒழுக்கு, ஒரு தரம் அடித்தால் இரண்டு மூன்று வருடம் ஓடுகிறது, புதியது வாங்க இப்போது கையில் காசு இல்லை என்றால் அடித்து ஓட்டுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை அப்படியே சொல்லி அடிக்க வேண்டும். சில மாதத்திலேயே திரும்ப அடிக்க வேண்டி வந்தால் அது திருத்தம் இல்லை. வெளியே போகிற காஸ் சும்மாவும் போவதில்லை. ஆர் 22 ஓசோனைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. ஆர் 410ஏ என்ற இன்னொரு காஸ் ஓசோனைத் தொடாது, ஆனால் அதில் 700 கிராம் போனால் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் காபனீரொட்சைட்டு விட்டதற்குச் சமன். ஆர் 32 அதில் மூன்றில் ஒரு பங்கு. எது எப்படியோ, தகட்டில் எழுதிய காஸைத் தவிர வேறு காஸ் போட விடாதீர்கள். பழைய ஆர் 22 மெஷின் ஆர் 32இன் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல, ஆர் 32 தீப்பற்றக்கூடியதும் கூட.

படுக்கையறையில் ஒழுகினால் ஆபத்தா என்றும் ஆக்கள் கேட்பார்கள். சாதாரண வீட்டு மெஷினில் இருக்கும் அளவு, மெல்ல ஒழுகும்போது நஞ்சாகும் அளவு இல்லை. ஆனால் காற்றைவிடப் பாரமானது, கீழே தேங்கும். ஒரேயடியாகச் சீறிப் போகிறது என்றால் கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள், நெருப்பு எதுவும் கொளுத்தாதீர்கள். சுவாலை பட்டால் இந்தக் காஸ்கள் கடுமையான அமில வாயுவாக மாறும். ஏசி போட்டதும் ஒரு ஊத்தை மணம் வருகிறது, காஸ் லீக்கோ என்று பயப்படுகிறவர்களுக்கு: இந்தக் காஸ்களில் மூக்குக்குத் தெரிகிற மணம் கிட்டத்தட்ட இல்லை. அது கொயிலில் பிடித்த பூஞ்சணமும் தட்டில் நின்ற தண்ணியும். ஒரு நல்ல சேர்விஸ் போதும், காஸ் அடிக்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.