கிரிஸ்லி கரடி வந்தால் செத்தவன்போல் படுக்கலாமா?

கேள்வி: டென்வரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், ஆறு வயதுப் பேரனும் வருகிறான். அங்கே கிரிஸ்லி கரடி உண்டாமே? சின்ன வகுப்பில் படித்த கதைபோல மூச்சை அடக்கிப் படுத்தால் விட்டுவிடுமா? மரம் ஏறலாமா?

பதில்: நண்பனை விட்டுவிட்டு மரம் ஏறியவன் கதைதானே? அதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம்.

முதலில் நீங்கள் போகும் மாதத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் கிரிஸ்லி (வட அமெரிக்காவின் பழுப்புக் கரடி) குகைக்குள் சுமார் ஐந்து மாதம் முடங்கிவிடும். சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், மலம் எதுவும் கிடையாது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 20-க்கும் கீழே இறங்கும். தாய்க்கரடி அந்த நிலையிலேயே ஜனவரி, பிப்ரவரி வாக்கில் குட்டி போட்டுப் பால் கொடுக்கும். பிறக்கும்போது குட்டி அரைக் கிலோகூட இருக்காது. இவ்வளவுக்கும் மூலதனம், இலையுதிர்காலத்தில் சேர்க்கும் கொழுப்புதான். அதனால் ஆகஸ்டிலிருந்து ஓயாத தீனி. அணில் ஒளித்துவைத்த பைன் விதையைத் தோண்டித் திருடும். மலையுச்சிக் கற்களைப் புரட்டி ஒரே நாளில் 40,000 அந்துப்பூச்சிவரை தின்னும்.

தலையைக் குனிந்து தின்னும் கரடிக்கு நீங்கள் வருவது தெரியாது. ஆபத்து அங்கேதான். குட்டியோடு இருக்கும் தாயையோ, செத்த மானைக் காவல் காக்கும் கரடியையோ திடீரென்று பக்கத்தில் போய்த் திடுக்கிட வைத்துவிடக் கூடாது. மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து நடங்கள். சத்தமாகப் பேசுங்கள், திருப்பங்களில் கை தட்டுங்கள். பையில் கட்டிக்கொள்ளக் கடையில் விற்கும் கரடி மணியை நம்ப வேண்டாம். பேரன் நடுவில் வரட்டும், முன்னால் ஓட விடாதீர்கள். காக்கைகள் கூடியிருந்தாலோ பிண நாற்றம் அடித்தாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கரடியிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. அதற்குள் எதிர்ப்பட்டுவிட்டால் ஓடாதீர்கள்; அது மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மரமும் வேண்டாம். ஏறி முடிக்க நேரம் இருக்காது, கிரிஸ்லிக்கும் ஓரளவு ஏறத் தெரியும். நிதானமாகப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள்.

பாய்ந்து வந்தால் கரடி ஸ்ப்ரேதான் (மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் டப்பா) துணை. பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வரும்போது அதன் முகத்துக்கு முன்னால், சற்றுத் தாழ்வாக அடிக்க வேண்டும். பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, இடுப்பில் தொங்கட்டும். விமானத்தில் கொண்டுபோக முடியாது, பூங்காப் பக்கத்துக் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: இது கொசு மருந்து இல்லை. உடம்பில் பூசிக்கொண்டவர்கள் நிஜமாகவே உண்டு!

சரி, கதைக்கு வருவோம். திடுக்கிட்ட கரடி உங்கள் மேல் விழுந்த பிறகுதான் படுக்க வேண்டும், அதற்கு முன் அல்ல. முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, பிடரியில் இரு கைகளையும் கோத்து, கால்களை அகட்டி அசையாமல் கிடங்கள். மூச்சை அடக்கத் தேவையில்லை. அது போய்விட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை எழாதீர்கள். விடாமல் கடித்தாலோ, ராத்திரி கூடாரத்துக்குள் புகுந்தாலோ படுத்துக் கிடப்பது தப்பு. கையில் கிடைத்ததால் மூக்கிலும் முகத்திலும் அடியுங்கள்.

புளியோதரைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் படமெடுக்கப் போகாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். 1967 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில், இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டு இளம்பெண்களைக் கிரிஸ்லிகள் கொன்றன. அதில் ஓரிடத்தில், விருந்தினர் வேடிக்கை பார்ப்பதற்காக விடுதியின் மிச்சச் சாப்பாட்டைக் கரடிகளுக்குக் கொட்டிப் பழக்கியிருந்தார்கள்.

பேரனுக்குக் கரடி காட்ட ஆசையென்றால் விடிகாலையிலோ அந்தி நேரத்திலோ யெல்லோஸ்டோனின் லாமார் பள்ளத்தாக்குச் சாலையோரம் காரை நிறுத்தி, பைனாகுலரில் பாருங்கள். நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், கறுப்புக் கரடி இனத்திலும் பழுப்பு நிறம் உண்டு. தோளில் திமில் தெரிந்தால் அதுதான் கிரிஸ்லி.